தடுப்பூசி போட்டும் நாட்டுக்கோழி சாவது ஏன்?

தை முடிந்து மாசி பிறந்தால் எங்கள் நிலையத்துக்குக் கோழி வளர்ப்போரிடமிருந்து அழைப்புகள் அதிகமாக வரும். வெயில் ஏற ஏற வெள்ளைக்கழிச்சல் நோயும் ஊருக்கு ஊர் தலைகாட்டத் தொடங்கும். அப்படி வந்த ஓர் அழைப்பை என்னால் மறக்க முடியவில்லை.

"ஒரே வாரத்துல 46 கோழியும் போச்சுங்க சார். நான் மருந்து வாங்கி ஊத்தினேன். ஊத்தியும் செத்துப்போச்சு. அப்புறம் எதுக்குங்க சார் தடுப்பூசி போடு, தடுப்பூசி போடுன்னு சொல்றீங்க?"

பேசியவர் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பெண். ஆறு பெட்டைகளில் தொடங்கி, இரண்டு ஆண்டுகளில் 46 உருப்படி வரை கொண்டுவந்திருந்தார். பங்குனித் திருவிழாவில் சேவல்களை விற்று, மகளின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு தவணையைக் கட்டுவதாக இருந்தார். அவருடைய கோபம் நியாயமானது. மறுநாள் நேரில் போய் நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

பின்தெருவில் நான்கு கோழிகள் செத்த செய்தி கேட்டுத்தான் அவர் மருந்து வாங்கக் கிளம்பியிருக்கிறார். டவுனில் மருந்தை வாங்கியபோது கடைக்காரர் ஒரு துண்டு ஐஸ் வைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அப்படியே மளிகைக் கடைக்கும் போய்விட்டு, பேருந்து பிடித்து வீடு வந்து சேர மூன்று மணி நேரம். ஐஸ் கரைந்து தண்ணீராகியிருந்தது. குழாயில் தண்ணீர் பிடித்து மருந்தைக் கலந்து, வாசலில் வைத்தார். தாய்க்கோழி, சேவல், குஞ்சு எல்லாமே குடித்தன. மூன்றாம் நாள் முதல் கோழி விழுந்தது.

இந்தக் கதையில் நான்கு இடங்களில் தடுப்பூசி தோற்றுப்போயிருக்கிறது. அந்த நான்கில் ஒன்றைக்கூட அவருடைய அலட்சியம் என்று சொல்ல முடியாது. 'தடுப்பூசி போடுங்கள்' என்று சொன்ன எங்களைப் போன்றவர்கள், 'இப்படிப் போடுங்கள்' என்று சொல்லாமல் விட்டதுதான் குறை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கட்டுரை.

நாட்டுக்கோழிக்கு நோய் வராதா?

முதலில் ஒரு நம்பிக்கையைக் களைந்துவிடுவோம். 'நாட்டுக்கோழிக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம், அதற்கு எதுவும் வராது' என்று பலரும் சொல்கிறார்கள். வெயில், மழை, கிடைத்த இரை எல்லாவற்றையும் தாங்கி வளர்வதில் நாட்டுக்கோழி கெட்டிதான். ஆனால் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு அந்தக் கெட்டித்தனம் போதாது. தடுப்பூசி போடாத கூட்டத்தில் இந்த நோய் புகுந்தால், பத்தில் ஒன்பது கோழிகள் சாவதும் உண்டு, ஒன்றுகூட மிஞ்சாமல் போவதும் உண்டு.

நாமக்கல் பகுதியில் ஒரே பண்ணையில் ஆயிரக்கணக்கில் முட்டைக்கோழிகள் வளர்கின்றன. அங்கே கோழிகள் பிழைத்திருக்க, பத்துக் கோழி வைத்திருக்கும் வீட்டில் மொத்தமும் சாவது ஏன்? பண்ணையில் தடுப்பூசிக்கு நாள்குறிப்பு இருக்கிறது. வீட்டில் இல்லை. முக்கியமான வேறுபாடு அதுதான்.

இது ஒரு வைரஸ் நோய். 1926-ஆம் ஆண்டில் ஜாவா தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் முதன்முதலில் கண்டறியப்பட்டது. அதை அடுத்து இந்தியாவில் இமயமலைப் பகுதி ஊரான ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால், ராணிக்கெட் நோய் என்ற பெயரும் நிலைத்துவிட்டது. கிராமத்தில் கோழிக்கழிச்சல், வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். 'சீக்கு விழுந்துடுச்சு' என்றாலும் பெரும்பாலும் இதைத்தான் குறிக்கும்.

நோய் கண்ட கோழி இரை எடுக்காமல் இறக்கையைத் தொங்கவிட்டு நிற்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சில கோழிகளுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், கால் அல்லது இறக்கை இழுத்துக்கொள்ளும். முட்டையிடும் கோழிகள் திடீரென்று முட்டையை நிறுத்திவிடும், அல்லது தோல் முட்டை இடும். வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. வராமல் தடுப்பது ஒன்றே வழி.

தடுப்பூசி தோற்கும் ஐந்து இடங்கள்

1. வெயிலில் செத்த மருந்து

வெள்ளைக்கழிச்சலுக்கு நாம் போடும் எஃப்1, லசோட்டா, ஆர்2பி மூன்றுமே உயிருள்ள தடுப்பூசிகள். வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ் அந்தக் குப்பிக்குள் உயிரோடு இருக்கிறது. கோழியின் உடலுக்குள் போய் அது பெருகினால்தான் எதிர்ப்புச் சக்தி உண்டாகும். வழியிலேயே செத்துவிட்டால் நீங்கள் ஊற்றுவது வெறும் தண்ணீர்.

அதனால் மருந்து வாங்கப் போகும்போதே ஐஸ் கட்டிகள் போட்ட தெர்மாஸ் குடுவையை எடுத்துச் செல்லுங்கள். குப்பியை ஒரு பாலித்தீன் பையில் போட்டு, வாய் கட்டி, ஐஸுக்கு நடுவில் வையுங்கள். மற்ற வேலைகளை எல்லாம் முடித்துக்கொண்டு, கடைசியாக மருந்தை வாங்கி நேராக வீட்டுக்கு வாருங்கள். வீட்டில் ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். அடிக்கடி திறந்து மூடும் கதவுப் பக்கம் வேண்டாம். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் மருந்து இருக்க வேண்டும்.

வாங்கும்போதே காலாவதி தேதியைப் பாருங்கள். கடையில் மருந்தை எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள் என்றும் பாருங்கள். மேசை டிராயரிலிருந்தோ அலமாரியிலிருந்தோ எடுத்தால் வாங்காதீர்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. இந்தக் குப்பிகள் காற்று நீக்கி அடைக்கப்பட்டவை. கரைப்பான் திரவத்தை ஊசியில் எடுத்து ரப்பர் மூடிக்குள் குத்தினால், குப்பி தானாகவே திரவத்தை உள்ளே இழுக்கும். இழுக்கவில்லை என்றால் உள்ளே காற்றுப் புகுந்திருக்கிறது. அந்தக் குப்பியைப் பயன்படுத்த வேண்டாம்.

கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். அதுவரை குப்பி ஐஸின் மேலேயே இருக்கட்டும். மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

2. குழாய்த் தண்ணீர்

குடிநீர்க் குழாயில் வரும் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். கிருமியைக் கொல்லத்தானே குளோரின்? அது தடுப்பூசி வைரஸையும் கொன்றுவிடும். வீட்டுக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

கண்ணிலோ மூக்கிலோ சொட்டு விடுவதானால் குப்பியுடன் தரும் கரைப்பான் திரவத்தையே பயன்படுத்துங்கள். குடிநீரில் கொடுப்பதானால் குளோரின் கலக்காத கிணற்று நீரோ ஆழ்துளைக் கிணற்று நீரோ எடுங்கள். ஒரு லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கலந்து, அரை மணி நேரம் கழித்து மருந்தைச் சேருங்கள். நீரில் மிச்சமிருக்கும் குளோரினின் வேகத்தைப் பால்பவுடர் தணித்து வைரஸைக் காக்கும். உலோகப் பாத்திரம் வேண்டாம், பிளாஸ்டிக் தட்டு போதும். சோப்புப் போட்டுக் கழுவிய தட்டானால் நல்ல நீரில் பலமுறை அலசிவிடுங்கள்.

மருந்து நீரை வைப்பதற்கு முன் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் கோழிகளுக்குத் தண்ணீர் காட்டாதீர்கள். தாகத்தோடு இருந்தால்தான் எல்லாக் கோழியும் குடிக்கும். இரண்டு மணி நேரத்தில் குடித்து முடிக்கும் அளவே கலக்குங்கள். இதையெல்லாம் விடியற்காலையில் செய்யுங்கள், உச்சி வெயிலில் வேண்டாம்.

மேய்ச்சலுக்கு விடும் கோழிகளுக்குக் குடிநீர் முறை நம்பகமானதல்ல. எது குடித்தது, எது குடிக்கவில்லை என்று தெரியாது. சாக்கடையிலும் தொட்டியிலும் குடித்துவிட்டு வரும் கோழி உங்கள் மருந்து நீரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பத்து இருபது கோழிகள்தான் என்றால் ஒவ்வொன்றாகப் பிடித்துச் சொட்டு விடுவதே நல்லது.

3. வயதுக்குப் பொருந்தாத மருந்து

மூன்று மருந்துகளும் ஒன்றல்ல. எஃப்1, லசோட்டா இரண்டும் மிதமானவை, குஞ்சுகளுக்கு ஏற்றவை. ஆர்2பி அவற்றைவிட வீரியம் கூடியது. எட்டு வாரம் கடந்த, ஏற்கெனவே எஃப்1 அல்லது லசோட்டா போட்ட கோழிக்கு மட்டுமே அதைப் போட வேண்டும். சின்னக் குஞ்சுக்கு ஆர்2பி போட்டால், தடுப்பூசியே நோயாகிவிடும். கால் இழுத்துக்கொண்டு குஞ்சுகள் சாகும். 'முகாமில் ஊசி போட்டார்கள், குஞ்சு செத்தது' என்று கேள்விப்பட்டால், பெரிய கோழிகளோடு குஞ்சுகளையும் சேர்த்துக் கொண்டுபோனார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும் என்பதும் தவறு. முதல் வாரத்தில் விடும் சொட்டு சில வாரங்களுக்கே காக்கும். அடுத்தடுத்த தவணைகள்தான் அதை நீட்டிக்கும். பொரித்த அன்றே போட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். தடுப்பூசி போட்ட தாயிடமிருந்து முட்டை வழியாக வந்த எதிர்ப்புச் சக்தி குஞ்சின் உடலில் முதல் சில நாட்கள் மிகுதியாக இருக்கும். அது தடுப்பூசி வைரஸை வேலை செய்ய விடாது. அதனால்தான் ஐந்தாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் என்று சொல்கிறோம்.

4. நோய் வந்தபின் ஓடுவது

தடுப்பூசி போட்ட பிறகு எதிர்ப்புச் சக்தி முழுமையாக உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். நோய்க்கிருமி புகுந்த கோழியோ பெரும்பாலும் ஐந்தாறு நாட்களில் அறிகுறி காட்டிவிடும். பின்தெருவில் கோழி செத்த பிறகு நீங்கள் மருந்து வாங்க ஓடினால், அந்தப் பந்தயத்தில் வைரஸ்தான் முந்தும். அந்தப் பெண்ணின் கோழிகளுக்குள் கிருமி முன்பே புகுந்திருக்க வேண்டும். மருந்து கெடாமல் இருந்திருந்தாலும் அவற்றில் பலவற்றைக் காப்பாற்றியிருக்க முடியாது.

நோய் புகுந்த கூட்டத்தில் ஊசி போடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நோயுற்ற கோழிக்குக் குத்திய ஊசியாலேயே அடுத்த கோழிக்கும் குத்தினால் நோயை நாமே பரப்புகிறோம். தடுப்பூசி நலமான கோழிக்கு மட்டுமே.

5. நலிந்த கோழி

அந்தப் பெண்ணின் வீட்டில் இல்லாத, ஆனால் பல வீடுகளில் நான் பார்க்கும் காரணம் இது. குடல் நிறையப் புழு வைத்திருக்கும் கோழிக்குத் தடுப்பூசி சரியாக ஏறாது. தடுப்பூசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிடுங்கள். எட்டாவது வாரத்தில் தொடங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழு நீக்கம் செய்வது நல்லது. கோழியின் எடைக்கு ஏற்ற மருந்தையும் அளவையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூஞ்சை பிடித்த தீவனம் இன்னொரு மறைமுக எதிரி. மழையில் நனைந்த மக்காச்சோளம், பச்சைப் பூஞ்சை பூத்த கடலைப் பிண்ணாக்கு ஆகியவற்றில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு இருக்கும். மனிதர் சாப்பிட முடியாததைக் கோழிக்குப் போட்டால் வீணாகாதே என்று நினைப்போம். அந்த நச்சு ஈரலைக் கெடுத்து, எதிர்ப்புச் சக்தியையும் குறைத்துவிடும். கழுவினாலும் காயவைத்தாலும் அது முழுதாகப் போகாது.

உங்கள் நாட்காட்டியில் குறிக்க வேண்டியவை

குஞ்சு பொரித்த நாளை முதலில் எழுதுங்கள். பிறகு அதிலிருந்து எண்ணிக் குறியுங்கள்.

5 முதல் 7-ஆம் நாள்: எஃப்1 அல்லது லசோட்டா. கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு.

14-ஆம் நாள்: கம்போரோ நோய்த் தடுப்பு மருந்து, உங்கள் பகுதியில் அந்நோய் இருந்தால். கண்ணில் ஒரு சொட்டு. இந்த நோய் குஞ்சின் எதிர்ப்புச் சக்தியையே குலைப்பதால் பிற தடுப்பூசிகளும் பலனளிக்காமல் போகும்.

28-ஆம் நாள்: லசோட்டா இரண்டாம் தவணை. சொட்டு அல்லது குடிநீர்.

6-ஆவது வாரம்: கோழி அம்மைத் தடுப்பூசி. இறக்கைச் சவ்வில் குத்தப்படும்.

8-ஆவது வாரம்: ஆர்2பி. இறக்கைக்கு அடியில் தோலுக்குள் 0.5 மி.லி. ஊசி.

16 முதல் 18-ஆவது வாரம்: ஆர்2பி மறு தவணை. முட்டையிடத் தொடங்கும் முன்பே போட்டுவிட்டால் முட்டை குறையாது.

அதன் பிறகு ஆண்டுதோறும் கோடைக்கு முன் ஒரு தவணை தவறக்கூடாது. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. ஊசி இலவசம். வெயில் ஏறி நோய் பரவும் முன்பே கோழி தயாராக வேண்டும் என்பதால்தான் பிப்ரவரி. உங்கள் ஊருக்கு எந்த நாள் என்று கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

சொட்டு விடும் முறை: குஞ்சை இடது கையில் பிடித்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, மேலே இருக்கும் கண்ணில் ஒரு சொட்டு விடுங்கள். குஞ்சு கண்ணை மூடித் திறக்கும் வரை கையிலேயே வைத்திருங்கள். உடனே விட்டால் தலையை உதறிச் சிந்திவிடும். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்த வைரஸ் மனிதர் கண்ணில் பட்டால் சில நாள் கண் சிவந்து உறுத்தும். காலிக் குப்பியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, பிறகு புதைத்துவிடுங்கள்.

எட்டுக் கோழிக்கு நூறு டோஸா?

இந்தக் கேள்வியைக் கேட்காத கிராமமே இல்லை. மருந்துக் குப்பி 100 டோஸ், 200 டோஸ் என்றுதான் வருகிறது. எட்டுக் கோழி வைத்திருப்பவர் ஒரு குப்பியை உடைத்து மிச்சத்தைக் கொட்ட மனம் வராமல், போடாமலேயே விட்டுவிடுகிறார்.

தெருவாகச் சேருங்கள். ஒரு தெருவில் 12 வீடு, வீட்டுக்கு எட்டுக் கோழி என்றால் 96 கோழிகள். ஒரு குப்பி சரியாகத் தீரும், செலவும் பன்னிரண்டாகப் பிரியும். இதில் பணத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. உங்கள் கோழிக்கு மட்டும் போட்டு, பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போடாவிட்டால், நோய் அங்கே வந்து தங்கிப் பெருகும். அங்கே பெருகிய கிருமி உங்கள் வேலியைத் தாண்டி வரும். தெருவே போட்டால் நோய்க்குக் கால் வைக்க இடமில்லை.

மகளிர் சுயஉதவிக் குழு இருக்கும் ஊர்களில் இது எளிது. குழுக் கூட்டத்தில் நாள் குறித்துவிட்டு, முந்தின நாள் மாலையே கோழிகளைக் கூடையில் அடைத்து வைக்கச் சொல்லுங்கள். விடிந்ததும் திறந்துவிடாமல் வீடு வீடாகப் போய்ப் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஒரு தெரு முடியும். கோழியைத் துரத்திப் பிடிக்கும் வேலை இல்லை. ஊசி போடும் தவணையானால், வீட்டுக்கு ஒரு புது ஊசிமுனை மாற்றுங்கள். ஊசி போடப் பழகாதவர்கள் முதல் முறை கால்நடை ஆய்வாளரை அழைத்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

பிடிக்கவே முடியாத, மரத்தில் அடையும் கோழிகளுக்காக, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீவனக் குருணை வடிவில் வாய்வழித் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. குருணையோடு குருணையாகக் கோழி கொத்தித் தின்றுவிடும். அருகிலுள்ள பல்கலைக்கழக மையத்தில் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

முதல் மூன்று வாரம்: தாய் சூடும் காய்ந்த தரையும்

தடுப்பூசி போட முதலில் குஞ்சு உயிரோடு இருக்க வேண்டும். முதல் சில வாரங்களில் சாகும் குஞ்சுகளில் பலவும் குளிராலும் ஈரத்தாலும் சாகின்றன. காக்கை, பருந்து, கீரி எடுத்துப்போவது தனி.

தாய்க்கோழியிடமே விடுவதானால் முதல் மூன்று வாரமாவது பஞ்சாரத்துக்குள் வைத்து வளருங்கள். மொத்தமாகக் குஞ்சு வாங்கி வளர்ப்பவர்கள் செயற்கையாகச் சூடு கொடுக்க வேண்டும். 100 குஞ்சுகளுக்கு நான்கடி விட்டத்தில், ஒன்றரை அடி உயரத் தகரத்தாலோ அட்டையாலோ வட்டமாகத் தடுப்பு அமையுங்கள். மூலையில்லாத வட்டம்தான் வேண்டும். மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே குவிந்து ஒன்றையொன்று மிதித்துச் சாகும். தரையில் இரண்டு அங்குலம் நெல் உமி, அதன்மேல் முதல் சில நாட்களுக்குச் செய்தித்தாள். குஞ்சுக்கு 1 முதல் 2 வாட் என்ற கணக்கில் குண்டு பல்பு தொங்கவிடுங்கள். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது.

முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைய வேண்டும் என்பது கணக்கு. ஆனால் குஞ்சுகளே நல்ல வெப்பமானி. பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் சூடு போதவில்லை. பல்பை விட்டு ஓரமாக ஒதுங்கி வாய் திறந்து மூச்சுவிட்டால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்துகொண்டிருந்தால் சரி. சித்திரை, வைகாசியில் பகலில் பல்பே தேவைப்படாது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஒருமுறை பாருங்கள், அப்போதுதான் உண்மை தெரியும்.

தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வைத்தால் குஞ்சு விழுந்து நனையாது. நனைந்த உமியை அன்றன்றே அள்ளிவிட்டுப் புது உமி போடுங்கள். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு ரத்தமாகக் கழிவது பெரும்பாலும் ஈரத் தரையால் வரும் ரத்தக்கழிச்சல். இதற்கு மருந்து உண்டு, வெள்ளைக்கழிச்சலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தீவனத்தில் முதல் எட்டு வாரம் கஞ்சத்தனம் வேண்டாம். இந்த வயதில் புரதம் சுமார் 20 சதவீதம் உள்ள குஞ்சுத் தீவனம் தேவை. அரிசிக் குருணை மட்டும் தின்று வளரும் குஞ்சு, உயிரோடு இருந்தாலும் தேறாது. பிறகு மேய்ச்சலோடு கம்பு, சோளம், கரையான், அசோலா என்று செலவைக் குறைக்கலாம்.

வாசலைத் தாண்டி நோய் வராமல்

வெள்ளைக்கழிச்சல் காற்றில் மட்டும் வருவதில்லை. கோழியோடு, கூடையோடு, செருப்போடு வருகிறது.

சந்தையில் வாங்கிய கோழியை அன்றே கூட்டத்தில் சேர்க்காதீர்கள். மூன்று வாரம் தனியாகக் கட்டி வைத்துப் பாருங்கள். குலசாமிக்கு நேர்ந்துகொண்டு உறவினர் கொண்டுவரும் சேவலும் இதில் அடக்கம். பூசைக்கு இரண்டு நாள் முன்பே கொண்டுவந்து நம் கோழிகளோடு கட்டிவிடுவார்கள். திருவிழாக் காலமும் நோய்க் காலமும் ஒன்றாக வருவதை மறக்க வேண்டாம். கறிக்கு வாங்கிய கோழியின் இறகையும் குடலையும் குப்பைமேட்டில் கொட்டாமல் புதையுங்கள். நம் கோழிகள் போய்க் கிளறும் முதல் இடம் அதுதான்.

கோழி வியாபாரியின் கூடையை வாசலிலேயே நிறுத்துங்கள். அது பத்து ஊர் சுற்றி வந்த கூடை.

நோய் வந்துவிட்டால்

சோர்ந்த கோழியை உடனே தூரமாகப் பிரித்து அடையுங்கள். மற்றவற்றையும் வெளியே விடாதீர்கள். கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கேட்கலாம். வேறு கிருமியும் சேர்ந்து தாக்காமல் இருக்க மருத்துவர் மருந்து தரலாம். சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு, கீழாநெல்லி சேர்த்து அரைத்துக் கொடுப்பதும் வழக்கத்தில் இருக்கிறது. கோழிக்குத் தெம்பு தரும் துணையாக அதைக் கொடுக்கலாம். தடுப்பூசிக்குப் பதிலாக அதை நம்பியிருக்க வேண்டாம்.

செத்த கோழியை ஆற்றிலோ ஓடையிலோ எறியாதீர்கள். மூன்றடிக்குக் குறையாத குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஒரே நாளில் பல கோழிகள் திடீரென்று செத்தால் அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பறவைக் காய்ச்சல் மனிதரையும் தாக்கக்கூடியது. அப்போது வெறுங்கையால் தொடாமல், அறுக்காமல், உடனே துறைக்குத் தகவல் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று, சொல்லக் கசப்பானது. சீக்கு விழுந்ததும் மீதியுள்ள கோழிகளை வந்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிடுவது நம் வழக்கம். இழப்பு நேரத்தில் அது இயல்பாகத் தோன்றும். ஆனால் அந்தக் கோழிகள் வழியாகத்தான் நோய் அடுத்த ஊருக்குப் பயணம் போகிறது. உங்கள் பின்தெருவுக்கும் அது அப்படித்தான் வந்திருக்கும்.

கூட்டம் முழுதும் போய்விட்டால் அவசரப்பட்டு உடனே புதுக் கோழி வாங்காதீர்கள். எச்சம், உமி, பழைய கூடை எல்லாவற்றையும் அகற்றி எரித்து, கூண்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, வெயில் படவிட்டு, ஒரு மாதமாவது காலியாக வையுங்கள். பிறகு குஞ்சிலிருந்தே தொடங்குங்கள், அப்போதுதான் தடுப்பூசிக் கணக்கு உங்கள் கையில் இருக்கும்.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம்

நாட்டுப் பெட்டை ஓர் ஆண்டில் 60 முதல் 80 முட்டைதான் இடும். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 12 முட்டை வைத்து அதில் 9 பொரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பிழைத்தால் கோழி வளர்ப்பு வெறும் பொழுதுபோக்கு. ஏழு பிழைத்தால் அது வருமானம். முட்டையின் எண்ணிக்கையைக் கூட்ட நீங்கள் செய்யக்கூடியது குறைவு. பிழைக்கும் குஞ்சின் எண்ணிக்கையைக் கூட்டுவது பெரும்பாலும் உங்கள் கையில்தான். உயர்ந்த இனம் எது, எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அந்தப் பெண் இரண்டு மாதம் கழித்து மறுபடி தொடங்கினார், இந்த முறை 20 குஞ்சுகளோடு. அவர் வீட்டுச் சுவரில் தினசரி நாட்காட்டி மாட்டியிருக்கிறது. அதில் மருந்து நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். ஐஸ் வைக்க மகளின் பழைய தெர்மாஸ். போன மாசியில் அவர் தெருவில் பதினான்கு வீட்டுக்காரர்கள் ஒரே காலையில் போட்டு முடித்தார்கள். அடுத்த தெருவில் இன்னும் யாரும் போடவில்லை என்பதுதான் இப்போது அவருடைய கவலை.

உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் கோழி இருக்கிறது என்று இன்று மாலையே எண்ணிப் பாருங்கள். அடுத்த தவணைக்கு நாள் குறியுங்கள். சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ, உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகுங்கள்.